தமிழில் மட்டும் தங்கம்

அமெரிக்கா போகிறவன் பெட்டியில் வடகமும் பருப்புப் பொடியும் மாவடுவும் இருக்கும். என் பெட்டியிலும் இருந்தன. அவற்றின் வாசனை பிடித்துக்கொள்ளாமல் தனி பிளாஸ்டிக் உறையில் பன்னிரண்டு செய்தித்தாள் துண்டுகளும் இருந்தன. பதினொன்று உண்மை, ஒன்று பொய். பொய்தான் அளவில் பெரியது. அதற்குப் படமும் உண்டு.

ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகள் குப்பை கொட்டினேன். விளையாட்டுப் பகுதி என்றால் கிரிக்கெட் பகுதி. உலகத்தின் மற்ற விளையாட்டுகளெல்லாம் ‘பிற விளையாட்டு’ என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. ஒருநாள் ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் ரத்தாகி, பக்கத்தில் கால் பத்தி ஓட்டை விழுந்தது. ஏஜென்சி அனுப்பிய படங்களைத் துழாவினேன். ஒரு படம் கிடைத்தது. ஊசி போன்ற ஒரு கயாக் படகு, அதில் ஒரு பெண், தலைக்கு மேலே துடுப்பு, துடுப்பிலிருந்து சிதறும் தண்ணீர். பெலாரஸ் நாட்டுக்காரர், பெயர் அலேஸ்யா. உலகப் போட்டி, ஐந்நூறு மீட்டர். அரையிறுதியில் ஒரு படகு நீளம் முன்னால் வந்து ஜெயித்திருந்தார். இறுதிப் போட்டி நாங்கள் பக்கத்தை முடிக்கிற நேரத்தில்தான் நடக்கும்.

இந்த மாதிரி நாட்களில் முக்கியமான ஆட்டங்களுக்கு இரண்டு செய்தி எழுதி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. கயாக்குக்கு எதற்கு இரண்டு என்று நான் ஒன்றுதான் எழுதினேன். ‘பெலாரஸ் வீராங்கனை தங்கம் வென்றார்.’ முடிவு வந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. அலேஸ்யா நான்காவதாக வந்திருந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையில் ஒரு விநாடியின் நூறில் ஆறு பங்கு.

மறுநாள் தலைமை உதவியாசிரியரிடம் போய் நின்றேன்.

“யாராவது போன் பண்ணாங்களா?” என்றார்.

“இல்ல சார்.”

“அப்புறம் என்னய்யா. ரஞ்சி ஸ்கோர் கார்டுல ஒரு விக்கெட்டைக் காணோம்னு பன்னெண்டு பேர் போன் பண்ணிட்டான். அதைப் போய்ப் பாரு.”

கடைசிவரை யாரும் போன் செய்யவில்லை. திருத்தமும் வரவில்லை. உலகத்தின் அத்தனை மொழிகளிலும் நான்காவதாக வந்த ஒரு பெண், தமிழில் மட்டும் முதலாவதாக வந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கே தென்பட்டாலும் இரண்டு அங்குலச் செய்தி போட்டேன். ஆறாவது. எட்டாவது. இரட்டையர் படகில் ஒரு முறை வெண்கலம். தோள்பட்டை அறுவை சிகிச்சை. மறுபடி நான்காவது. “சேகர் சாரோட சம்பந்தி வீட்டுச் செய்தி வந்திருக்கு” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். பிறகு போர் வந்தது. ரஷ்யாவுக்குத் துணை நின்றதால் அவர் நாட்டுக் கொடிக்குத் தடை வந்தது. அதற்கு முன்பே முடிவுப் பட்டியல்களில் அவர் பெயர் நின்றுபோயிருந்தது. என் வேலையும் ஏறக்குறைய அதே காலத்தில் நின்றது. எனக்கு மட்டும் சால்வை போர்த்தினார்கள்.

தங்கை வீட்டுக்கு நியூ ஜெர்சி கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, இணையத்தில் அலேஸ்யாவைத் தேடிக் கண்டுபிடித்து நான்கு வரி எழுதினேன். நான் ஒரு பத்திரிகைக்காரன், உங்களைப் பற்றித் தமிழில் எழுதியிருக்கிறேன், அமெரிக்கா வருகிறேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவர் டெக்சாஸில் இருக்கிறார். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ‘சிறந்த விளையாட்டு வீராங்கனை என்பதற்குக் கூடுதல் ஆதாரம் கேட்கிறார்கள். பத்திரிகைச் செய்தி இருந்தால் நல்லது என்கிறார் என் வழக்கறிஞர். இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். நான் ஊர் திரும்ப முடியாது; கார்டு வந்தால்தான் பக்கத்து நாட்டு வார்சா போய் என் அம்மாவைப் பார்க்க முடியும். ஐந்து வருடம் ஆகிறது.’

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ‘மிக்க மகிழ்ச்சி, கொண்டுவருகிறேன்’ என்று பதில் போட்டேன். ஆங்கிலத்தில் மகிழ்ச்சி அடைவது சுலபம்.

தங்கை வனிதா இருப்பது மான்மவுத் ஜங்ஷனில். ஜங்ஷன் என்றதும் அரக்கோணம், விழுப்புரம் என்று கற்பனை செய்துகொண்டு போனேன். தண்டவாளம் இருக்கிறது. ரயில் விசில் அடித்துக்கொண்டு போகிறது. நிற்பதில்லை, ஏனென்றால் நிற்பதற்கு ஸ்டேஷன் இல்லை. வடைக்காரர் இல்லாத ஜங்ஷனை நான் ஜங்ஷனாகக் கருதுவதில்லை என்று மாப்பிள்ளை குமரேசனிடம் சொன்னேன். “வடை வேணும்னா ஃப்ரோசன் செக்‌ஷன்ல இருக்கு மச்சான், போற வழியில எடுத்துக்கலாம்” என்றார் அவர். அமெரிக்காவில் ஏக்கங்களுக்குத் தனி ஃப்ரீஸர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் என் பன்னிரண்டு துண்டுகளின் கதையைச் சொன்னேன். முருங்கைக்கீரைப் பொரியல், வத்தக்குழம்பு. தங்கை மகள் நிலா, பதினைந்து வயது, குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதையை மட்டும் சாப்பிட்டாள்.

“ஸோ யூ ஜஸ்ட் மேட் இட் அப், மாமா?” என்றாள்.

“முன்கூட்டியே எழுதினேன்.”

“தட்ஸ் வாட் மேக்கிங் இட் அப் இஸ்.”

குமரேசன் சோற்றைப் பிசைந்தபடியே விஷயத்தின் மையத்துக்கு வந்தார். இந்த ஊரில் தமிழர்கள் ஊறுகாய்க்கு எண்ணெய் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபடுவார்கள், குடியேற்றச் சட்டத்தில் மட்டும் எல்லோரும் பண்டிதர்கள். “மச்சான், அவங்களுக்கு வந்திருக்கறது ஆர்.எஃப்.இ. எவிடென்ஸ் பத்தலைன்னு கேள்வி கேட்டு அனுப்பிருக்கான். டைமுக்குள்ள ஸ்ட்ராங்கா ரெஸ்பாண்ட் பண்ணலைன்னா டினை பண்ணிடுவான். அவ்ளோதான்.”

“அந்தத் தங்கத்தைக் காட்டறது தப்பு இல்லையா?”

வனிதா ரசம் கொண்டுவந்து வைத்தாள். “அண்ணா, நீ ஒண்ணும் பேசாத. பேப்பரைக் குடு, காபி குடி, கிளம்பி வா.”

“பொய்ச் செய்திம்மா அது.”

“அப்பா போனப்ப எங்க ஃபைல் பெண்டிங்ல இருந்துது. வெளிய போனா திரும்பி வர முடியாதுன்னு லாயர் சொன்னான். நீ போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. நான் இந்த நாற்காலியில உக்காந்து பார்த்தேன். நடுவுல உன் டேட்டா தீந்துபோச்சு.” ரசத்தில் கரண்டியைப் போட்டாள். “அந்தப் பொண்ணுக்கு ஒரு பேப்பர்ல அம்மாவைப் பார்க்க முடியும்னா, அதுல என்ன எழுதியிருந்தா உனக்கென்ன?”

அன்றைக்கு டேட்டா தீர்ந்துபோனதை இவ்வளவு காலமும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. நிலா குழம்பைத் திரும்ப இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் கலிபோர்னியா. சான்டா கிளாராவில் என் கல்லூரி அறைத்தோழன் ஜமால் இருக்கிறான். நாகூர்க்காரன். ஸ்டேஷனில் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். நான் ஏறிய ரயில் சான்டா கிளாரா ஸ்டேஷனை மரியாதையுடன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகமாகக் கடந்தது. எக்ஸ்பிரஸாம். சென்னையில் பறக்கும் ரயில் என்று பெயர் வைத்துவிட்டு எல்லா இடத்திலும் நிறுத்துகிறார்கள். இங்கே பறக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

எதிர் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள். ஒருவன் சொன்னான்: “என் பொண்ணு பொறந்த வாரம் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணேன் மச்சி. அவ இப்ப பெர்மிட் டெஸ்ட் எழுதறா, கார் ஓட்ட.” இன்னொருவன் சொன்னான்: “பரவால்ல. உன் பொண்ணு டிரைவ் பண்ணி உன்னை இன்டர்வியூக்கு கூட்டிட்டுப் போவா.” இருவரும் சிரிக்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

ஜமால் வீட்டில் பிரியாணி. மனைவி ஊருக்குப் போயிருந்ததால் அவனே செய்தது. கல்லூரி அறையில் செய்ததைவிட முன்னேற்றம் இருந்தது, அரிசி வெந்திருந்தது. சாப்பிட்டதும் மேசையைத் துடைத்துவிட்டு என் துண்டுகளைப் பரப்பினான். பத்தொன்பது ஆண்டுகளாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன். ஆதாரங்களை வரிசைப்படுத்துவதில் அவனுக்கு ஒரு கைப்பழக்கம் வந்திருந்தது.

“டேய் சேகரு, இது ஆறாவது, இது எட்டாவது, இது ஆஸ்பத்திரி. இதெல்லாம் சப்போர்ட்டிங் டாக்குமென்ட்.” படத்துடன் இருந்த துண்டை எடுத்து நடுவில் வைத்தான். “இதுதான்டா மெயின் எக்ஸிபிட். ஃபாரின் லாங்குவேஜ், பெரிய பேப்பர், போட்டோ, தங்கம். ஆபீசர் கண்ணுல ஒத்திக்குவான்.”

“அதுதான்டா பொய்.”

“நீ எதுல கையெழுத்துப் போடப்போற? டிரான்ஸ்லேஷன் சர்டிபிகேட்ல. அதுல என்ன இருக்கும்? ‘எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும், இந்த மொழிபெயர்ப்பு சரியானது.’ மொழிபெயர்ப்பு சரியா இருக்குமா இருக்காதா?”

“இருக்கும்.”

“செய்தி சரியான்னு உன்னை யாரு கேட்டா?”

வாதம் கச்சிதமாக இருந்தது. பொய்யை உண்மையாக மொழிபெயர்ப்பது என்ற தொழிலுக்கு அமெரிக்காவில் இப்படி ஒரு மதிப்பு இருப்பது தெரியாமல் இருபத்தாறு ஆண்டுகள் வீணாக்கியிருக்கிறேன்.

“நீயும் இப்படித்தான் ஃபைல் பண்ணியா?” என்றேன்.

“நான் பத்தொன்பது வருஷமா உண்மையைத்தான்டா ஃபைல் பண்றேன்” என்றான் ஜமால். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மறுநாள் முழுக்க மொழிபெயர்த்தேன். இரண்டு அங்குலச் செய்திகளை ஆங்கிலத்தில் போட்டால் ஒன்றரை அங்குலம் வந்தது. ஜமால் தட்டச்சு செய்து பன்னிரண்டு சான்றிதழ்கள் அடித்துக் கொடுத்தான். பதினொன்றில் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாவதை வெறுமனே உறையில் வைத்தேன். அவன் பார்த்தான். விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது என் சட்டைப்பையில் ஒரு பேனாவைச் செருகினான்.

டெக்சாஸில் இறங்கியதும் உடம்பு மகிழ்ந்தது. வியர்வை. நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் காணாமல்போயிருந்த என் வியர்வை ஹியூஸ்டன் வாசலில் எனக்காகக் காத்திருந்தது. அதன் புறநகர் பேர்லேண்டில் ஒரு மோட்டலில் தங்கினேன். “பஸ் எங்கே நிற்கும்?” என்று வரவேற்பில் கேட்டேன். குஜராத்திக்காரர், நல்ல மனிதர். “என்ன பஸ்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் அனுதாபத்துடன் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அவரே தன் காரில் மீனாட்சி கோயிலில் கொண்டுவிட்டார். எனக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அம்மன்தான் என்பதால், அலேஸ்யாவை அங்கேதான் வரச் சொல்லியிருந்தேன்.

கோயில் கேன்டீனில் தயிர்சாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு ஆன்ட்டி. மதுரைக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. எந்த ஊர், யார் வீட்டுக்கு, எத்தனை பிள்ளைகள் என்ற மூன்று கேள்விகளில் என்னை முடித்துவிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அட, எங்க வீட்டு நீச்சல் குளத்தைக் கழுவ வருமே, அந்த ரஷ்யாக்காரப் பிள்ளையா? டாக்டர் வீடு நாலஞ்சுக்கு அதுதான்.”

“பெலாரஸ், ஆன்ட்டி.”

“ரெண்டும் ஒண்ணுதான தம்பி.”

“டெல்லியில உங்களையும் என்னையும் மதராஸின்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?”

ஆன்ட்டி யோசித்தார். “அதுவும் நியாயந்தான். நல்ல பிள்ளைய்யா. குளத்துல ஒரு இலை கிடக்காது. ஆனா வேலை முடிஞ்சதும் கிளம்பாது. தண்ணியைப் பார்த்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கும். நானும் கேட்கறதில்ல.”

அலேஸ்யா ஒரு பழைய பிக்கப் டிரக்கில் வந்தார். பின்னால் குளோரின் வாளிகளும், நீளக் கம்பு செருகிய வலையும். மேலே கயாக் படகு. வண்டியைவிடப் படகு நீளம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார், எங்கள் ஊரில் கம்பி ஏற்றிக்கொண்டு போகும் மீன்பாடி வண்டியில் கட்டுவது போலவே. எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போனது. முப்பத்தெட்டு வயது. புகைப்படத்தில் பார்த்த அதே தோள்கள். என்னையும் ஜமாலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் அந்த அகலம் வராது.

“ஒரு வீடு பாக்கி இருக்கிறது. உட்கார்ந்திருக்க முடியுமா?” என்றார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைப் போலவே சின்னச் சின்ன வாக்கியங்களாக இருந்தது. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது.

அந்த வீட்டுக் குளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வலைக் கம்பைத் தண்ணீரில் இறக்கி இழுத்தார். இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது, கை கடைசியில்தான் வந்தது. மூன்று ஓக் இலைகளை எடுக்க அவ்வளவு பெரிய உடம்பு முழுவதும் வேலை செய்தது. குளத்தின் நீளம் பத்து மீட்டர் இருக்கும்.

அவருடைய அபார்ட்மென்ட்டில் உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி வார்த்துக் கொடுத்தார். டிரானிக்கி என்று பெயர். தொட்டுக்கொள்ளப் புளித்த க்ரீம். எங்கள் ஊரில் இதற்கு மிளகாய் போடுவோம் என்றேன். “எங்கள் ஊரில் மிளகாய் போட்டால் அம்மா டாக்டரைக் கூப்பிடுவாள்” என்றார். அம்மா இருப்பது பெலாரஸில் ஒரு சின்ன ஊரில். அங்கிருந்து வார்சாவுக்குப் பஸ்ஸில் பாதி நாள், எல்லையில் மீதி நாள். எழுபத்தொரு வயது. கார்டு வந்தால் இவர் இங்கிருந்து போவார், அம்மா அங்கிருந்து வருவார், நடுவில் ஒரு வாரம் ஒரே அறையில் இருக்கலாம். அறை வாடகை எவ்வளவு என்பதுவரை பார்த்து வைத்திருந்தார். வழக்கறிஞருக்குக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருந்தது.

தட்டுகளை நகர்த்திவிட்டு என் துண்டுகளை வரிசையாக வைத்தேன். பதினொன்றையும் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் தேதிகளும் எண்களும் தெரிந்தன. “இது என் தோள்பட்டை” என்றார் ஒன்றைத் தொட்டு. “இது கூடவா எழுதினீர்கள்?” பிறகு பன்னிரண்டாவதை எடுத்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இது எந்தப் போட்டி என்று தெரியும். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்?”

சொன்னேன். விளம்பரம் ரத்தானது, ஒரே ஒரு செய்தி எழுதியது, டீ குடிக்கப் போனது, யாரும் போன் செய்யாதது. அலேஸ்யா குறுக்கிடாமல் கேட்டார்.

“ஒருவர்கூடவா?”

“ஒருவர்கூட.”

சிரித்தார். நான் எதிர்பார்த்தது வேறு. “நானூற்று ஐம்பது மீட்டர்வரை நீங்கள் எழுதியது சரி” என்றார். “நான்தான் முதலில் இருந்தேன். கடைசி ஐம்பதில் கை என்னுடையதாக இல்லை. பலகையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது வந்த பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாறும் என்று.”

பிறகு, “உங்கள் மொழியில் படியுங்கள்” என்றார்.

படித்தேன். பன்னிரண்டு வரி. ‘தண்ணீரைக் கிழித்துக்கொண்டு’ என்றெல்லாம் எழுதியிருந்தேன், வெட்கமாக இருந்தது. முடித்ததும், “இன்னொரு முறை” என்றார். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் பெயர் வந்த இடத்தில் மட்டும் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

“வழக்கறிஞர் பார்த்தால் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார்” என்றார்.

அந்தத் துண்டை அவர் கீழே வைக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அம்மாவின் படம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். வனிதாவின் நாற்காலி நினைவுக்கு வந்தது. உறையிலிருந்து பன்னிரண்டாவது சான்றிதழை எடுத்தேன். “மொழிபெயர்ப்பு சரியானது என்றுதான் இதில் இருக்கிறது. செய்தி சரியானது என்று இல்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்று ஜமாலின் பேனாவைத் திறந்தேன். நியாயவானாக இருந்தே பழக்கப்பட்டவன் போல ஊர் முழுக்கப் பேசிவிட்டு, அந்த மேசையில் நான் முழு மனத்துடன் பொய்க்குத் தயாராக இருந்தேன்.

அலேஸ்யா பேனாவின் மேல் கையை வைத்தார். அதற்கு மேல் என்னால் எழுதியிருக்க முடியாது. கனமான கை.

“தங்கம் வாங்கியவள் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அவளைத் தெரியும். இரண்டு குழந்தைகள். மூன்றாவது வந்தவளை நான் ஒரு வருடம் வெறுத்தேன். பிறகு அவள் கல்யாணத்துக்குப் போனேன், நடனம் ஆடினேன். அவர்களிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுக்கிறீர்களா?”

“அம்மா?” என்றேன்.

கையை எடுக்காமலே சொன்னார்: “நூறில் ஆறு. அந்த ஆறுக்காக மறுபடி நான்கு வருடம் இருட்டோடு எழுந்தேன். ஏரியில் பனிக்கட்டி மிதக்கும். அம்மா எனக்கு முன்னால் எழுந்து கஞ்சி வைப்பாள். இந்தக் காகிதம் உண்மை என்றால் அந்த நான்கு வருடம் எதற்கு? அவள் கஞ்சி எதற்கு?”

பதினொன்றையும் அவரே ஆண்டு வரிசைப்படி அடுக்கிக் கோப்பில் வைத்தார். ஆறாவது, எட்டாவது, வெண்கலம், ஆஸ்பத்திரி, நான்காவது. பன்னிரண்டாவதை இரண்டாக மடித்தார். “இதை நான் வைத்துக்கொள்ளலாமா? அம்மாவுக்குப் போனில் காட்டுவேன். சிரிப்பாள். படம் நன்றாக இருக்கிறது.”

மோட்டலுக்கு வந்து ஜமாலுக்குப் போன் செய்தேன்.

“நாலாவது, ஆறாவதுக்கெல்லாம் எவன்டா கார்டு தருவான்?” என்றான்.

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றான். “நல்ல பொண்ணுடா.”

கடைசி நாள் காலை. என் விமானம் மதியம். கிளம்புவதற்குமுன் அலேஸ்யா என்னை ஒரு ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழுப்புத் தண்ணீர். தூரத்தில் ஒரு பாலம், கரையில் படகு கட்டும் ஒரு மரத்துறை. பாலத்தின் மூன்றாவது தூணிலிருந்து மரத்துறைவரை சரியாக ஐந்நூறு மீட்டர், அவரே அளந்து வைத்திருக்கிறார். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். நேரம் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. தானே தொடங்கித் தானே முடிக்கும்போது கடிகாரத்தைத் தொட ஒரு கையை எடுக்க வேண்டியிருக்கிறது.

தன் போனில் நேரம் அளக்கும் பொத்தானைக் காட்டிக்கொடுத்தார். “முதல் துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது ஒரு முறை. படகின் மூக்கு மரத்துறைக்கு நேராக வரும்போது ஒரு முறை. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.” எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன்.

தூணருகே படகு திரும்பியது. துடுப்பு இறங்கியது, பொத்தானை அழுத்தினேன். பதினோரு ஆண்டுகளாக நான் எழுதிய விஷயத்தை அதுவரை ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். படகு வந்தது. சத்தமே இல்லை, துடுப்பு தண்ணீரைத் தொடும் சின்ன ஒலி மட்டும், இடம், வலம், இடம், வலம். படகு தண்ணீரில் ஓடுவது போலவே இல்லை. ஏரியை யாரோ அடியிலிருந்து பின்னால் இழுக்கிறார்கள், அவர் அசையாமல் இருக்கிறார். பாதித் தூரத்தில் முகம் தெரிந்தது. குளக்கரையில் நான் பார்த்த முகம் இல்லை அது. ஐம்பது மீட்டர் இருக்கும்போது கைகள் கனப்பது எனக்கே தெரிந்தது. வாய் திறந்திருந்தது. என்னைத் தாண்டி, மரத்துறையைத் தாண்டி, கொஞ்ச தூரம் போய் நின்று, துடுப்பைக் குறுக்கே வைத்துக் குனிந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். “எவ்வளவு?”

போனைப் பார்த்தேன். எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கடைசி இரண்டு எண்களும் கண்ணுக்குப் பிடிபடாமல் மாறிக்கொண்டே இருந்தன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“விமானம் எத்தனை மணிக்கு?”

“ஒன்றரை.”

“நேரம் இருக்கிறது” என்றார். துடுப்பை ஊன்றிப் படகைத் திருப்பினார். இந்த முறை மெதுவாகத்தான் போனார், கைகளை உதறி உதறி, நடுவில் ஒரு முறை நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு. போய்ச் சேரவே வெகுநேரம் ஆனது. நான் போனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, விளிம்புக்கு நகர்ந்து நின்றேன். மூன்றாவது தூணின் நிழலில் படகு என் பக்கம் திரும்பியது. துடுப்பு உயர்ந்தது.